பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு: கள்ளக்குறிச்சிக் கணினிகளின் தரவு எப்படி இடம் மாற வேண்டும்?

கணினியின் ஹார்டு டிஸ்க் பழசாகிவிட்டால் அதிலிருப்பதைப் புதிய டிஸ்க்குக்கு எப்படிக் கொண்டுபோவது? இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட ஹார்டு டிஸ்க்கின் வயதே ஆகிறது. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் டிஸ்க், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கியும் 4 எம்.பி.க்குக் குறைவாகவே தாங்கியது. இன்று ஒரு செல்போன் படமே அந்த அளவு இருக்கிறது. அன்று முதல் இன்றுவரை இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள் பல. அப்படியே நகலெடு என்றார்கள் சிலர்; புதிதாகத் தொடங்கு என்றார்கள் சிலர்; இணையத்தில் ஏற்றிவிடு என்பது பின்னால் வந்த பதில். கெடும்வரை தொடாதே என்பது யாரும் எழுதிவைக்காவிட்டாலும் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் பதில்.

தமிழகத்தில் இக்கேள்வி இப்போது கூர்மையாகியிருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடு போய்ச் சேர்ந்தன. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி; தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். முதல் ஆண்டுகளில் மடிக்கணினி வாங்கிய மாணவர்களுக்கு இன்று முப்பதை ஒட்டிய வயது. அந்தக் கணினிகளில் இன்னும் உயிரோடிருப்பவை தம்பி தங்கையின் படிப்புக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், மனு தட்டச்சு செய்யும் மேசைக்கும் இடம் மாறியிருக்கின்றன. அவற்றின் ஹார்டு டிஸ்க்குகள் சுழலும் தட்டு வகை. தொடக்கக் கட்டத்தில் வந்தவை 320 ஜிபி.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும் விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினிகளில் முறைப்படி ஏறாது. ஆகவே டிஸ்க்கை மாற்றுவதோடு அதில் எந்த ஓ.எஸ். போடுவது என்ற முடிவும் சேர்ந்தே எடுக்கவேண்டியதாகிறது.

மலைக்குப் போனால் கேள்வியின் கனம் கூடுகிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த நிலம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு நிலம் சார்ந்த காகிதங்கள் தாமதமாகவே கைக்கு வந்தன. சாதிச் சான்றிதழ், 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனு, அதற்கு வந்த பதில், குடும்ப அட்டை என ஒவ்வொன்றும் எங்காவது ஒரு கணினியில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கிறது. அரசு வழங்கிய சான்றிதழின் மூலம் அரசின் சர்வரில் இருக்கலாம். குடும்பம் எழுதிய மனுவும் இணைத்த பழைய ரசீதும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

எப்போது மாற்றுவது?

டிஸ்க் கெடுமுன் எச்சரிக்கும் என்ற நம்பிக்கை நீண்ட காலமாக இருந்துவருகிறது. 1990களில் வந்த ஸ்மார்ட் என்னும் தற்சோதனை முறை இந்த நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது. டிஸ்க் தன் பிழைகளைத் தானே எண்ணிவைக்கும். எண்ணிக்கை வரம்பு தாண்டினால் திரையில் எச்சரிக்கை வரும்.

2007-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைப் பெரிய அளவில் சோதித்தன. கூகுளின் எடுவர்டோ பின்ஹெய்ரோவும் இணை ஆய்வாளர்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்தனர். பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் கெட்டுப்போக 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. ஆக, எச்சரிக்கை வந்தால் அதை நம்பலாம். ஆனால் கெட்டுப்போனவற்றில் 56 விழுக்காடு, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே கெட்டன. எச்சரிக்கை வரவில்லை என்பதை நம்பி இருக்க முடியாது என்றே இதற்குப் பொருள். அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் இன்னொன்றைக் காட்டினர். தயாரிப்பாளர்களின் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே டிஸ்க்குகள் மாற்றப்பட வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்பட்டன. வயது கூடக்கூட அந்த விகிதமும் கூடியது.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். அவை குளிரூட்டிய அறையில் இரவு பகலாக ஓடிய டிஸ்க்குகளைப் பற்றியவை. மின்சாரம் போய்ப்போய் வரும் வீட்டில், பையில் போட்டுப் பேருந்தில் தூக்கிச்செல்லப்பட்ட மடிக்கணினிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. மலை உயரம் டிஸ்க்கைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. சாதாரண ஹார்டு டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படி செய்யப்பட்டவை. கல்வராயன் மலையின் ஊர்கள் அதில் பாதிக்கும் கீழே. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்குவதும், கணினியை முழுதாக அணைத்திருந்தால், பெரிய ஆபத்தில்லை; அணைத்த டிஸ்க்கில் வாசிப்பு முனை தட்டை விட்டு விலகி நிற்கும். திரையை மூடியதோடு அணைந்துவிட்டதாக எண்ணி, ஓடும் டிஸ்க்கைப் பைக்குள் வைப்பதுதான் கேடு.

ஏழெட்டு ஆண்டு கடந்த டிஸ்க்கை, எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும், மாற்றவேண்டிய ஒன்றாகவே கருதுவது இந்த ஆதாரங்களுக்குப் பொருந்தும். அதைவிட முக்கியம், மாற்றும் நாள் வருமுன்பே ஒரு நகல் வேறெங்காவது இருக்க வேண்டும் என்பது.

அப்படியே நகலெடுப்போர்

பழைய டிஸ்க்கின் ஒவ்வொரு துண்டையும் அதே வரிசையில் புதிய டிஸ்க்கில் பதிப்பதே குளோனிங். யூனிக்ஸ் உலகில் 1970களிலிருந்தே டிடி என்ற சிறு கட்டளை இதைச் செய்துவந்தது. சாதாரண அலுவலகங்களுக்கு இதைக் கொண்டுவந்தது நியூசிலாந்தில் மரே ஹஸார்ட் உருவாக்கிய கோஸ்ட் மென்பொருள். 1998-ல் சிமான்டெக் அதை வாங்கி நார்ட்டன் கோஸ்ட் ஆக்கியது. ‘கோஸ்ட் அடிப்பது’ என்பது கணினிக் கடைகளில் ஒரு வேலையின் பெயராகவே ஆகிப்போனது. பின்னர் தைவானின் உயர்திறன் கணிப்பு மையத்திலிருந்து கட்டற்ற மென்பொருளாக குளோன்சில்லா வந்தது. இலவசமாகக் கிடைத்துவந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் பதிப்பு 2024 தொடக்கத்தோடு கைவிடப்பட்டதால், காசில்லாமல் குளோன் எடுக்க விரும்புவோருக்கு இன்று குளோன்சில்லாவே முதன்மையான வழி.

குளோனிங்கை ஆதரிப்போரின் வாதம் வலுவானது. பயனர் எதை எங்கே வைத்திருக்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. பல சமயம் பயனருக்கே தெரியாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எதுவும் விடுபடாது. எழுத்துருக்கள், கடவுச்சொற்கள், மறைந்திருக்கும் கோப்புறைகள், நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்தே வரும்.

அரசு மடிக்கணினிகளில் இந்த வாதத்துக்குக் கூடுதல் பலம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் வந்தவை விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்த இரட்டை ஓ.எஸ். கணினிகள். விண்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸ் பகுதி கண்ணுக்கே தெரியாது. பள்ளி நாளில் லினக்ஸ் பக்கம் போய் எதையாவது சேமித்த மாணவரின் கோப்புகள், விண்டோஸ் வழியாக மட்டும் நகலெடுத்தால் சத்தமில்லாமல் விடுபடும். முழு டிஸ்க்கைக் குளோன் செய்தால் இரண்டு பகுதியும் வரும்.

பலவீனங்களும் இதே அளவு தெளிவானவை. பழைய டிஸ்க்கில் இருக்கும் வைரஸும் சிதைந்த கோப்பும் அப்படியே வந்துசேரும். 320 ஜிபி டிஸ்க்கிலிருந்து சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் 240 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் எடுக்க, முதலில் பகுதிகளைச் சுருக்க வேண்டும்; பழுதான டிஸ்க்கில் சுருக்கும் வேலையே ஆபத்து. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து டிஸ்க்குகளில் பகுதி 63-ஆம் செக்டரில் தொடங்கும். எஸ்.எஸ்.டி.யின் உள்ளமைப்போடு அது ஒத்துப்போகாததால் புது டிஸ்க் வேகம் குறைந்தே ஓடும். குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கணினியில் மாட்டினால், இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவிடும். டேட்டா போய்விட்டது என்று பதறி ஃபார்மட் செய்துவிடும் விபத்து நேர்வது இந்த இடத்தில்தான். பிட்லாக்கர் பூட்டுள்ள புதிய கணினிகளில், மீட்புச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் குளோனில் இறங்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஓர் ஆபத்து உண்டு. மூல டிஸ்க் எது, இலக்கு டிஸ்க் எது என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால், வெற்று டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் பதியும். ஒரு சொடுக்கில் எல்லாம் போகும். அளவும் தயாரிப்பாளர் பெயரும் வேறுபட்ட டிஸ்க்குகளைப் பயன்படுத்துவது இதற்கு எளிய காப்பு.

புதிதாகத் தொடங்குவோர்

எதிர்க்கருத்து இப்படிப் போகிறது: எஸ்.எஸ்.டி.யில் ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடு. பழைய டிஸ்க்கை ஒரு கேஸில் மாட்டி யு.எஸ்.பி. வழியாக இணைத்து, வேண்டிய கோப்புகளை மட்டும் எடு. கணினி சுத்தமாக இருக்கும், வேகமாக ஓடும். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டிக் கொடுப்பதும் இங்கு பரவலான வழக்கம். ஓ.எஸ். எஸ்.எஸ்.டி.யில் இருக்கும், படங்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கும். செலவு குறைவு என்பது உண்மை. மாற்றவேண்டிய டிஸ்க்கையே தொடர்ந்து நம்பியிருக்கிறோம் என்பதும் உண்மை.

இந்த வழியின் பெரிய குறை, எது ‘வேண்டிய கோப்பு’ என்று முடிவு செய்வதில் இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ் எல்லாம் எடுத்தாயிற்று என்று கடையில் சொல்வார்கள். டேலியின் கணக்குகள் பெரும்பாலும் இந்த இடங்களில் இருப்பதில்லை. அதன் தனிக் கோப்புறை சி டிரைவின் உள்ளே இருக்கும். டேலி உரிமம் அந்தக் கணினியோடு பிணைந்தது என்பதால், டிஸ்க்கைக் கழற்றுமுன் உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறுவதே தொல்லையில்லாத வழி. ஓர் உரக்கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு முடங்கிப்போக இந்த ஒரு தவறு போதும்.

தமிழ்க் கணினிகளுக்கென்றே உள்ள குறை எழுத்துரு. ஆங்கில உலகில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைத் தேடினால் கிடைக்காது. ஒருங்குறி பரவுமுன் தமிழில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாக டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அரசு தரப்படுத்தியது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியும் டேஸ் 16-உம் அரசின் தரமாயின. அரசாணை வந்ததும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. வானவில், செந்தமிழ், ஷ்ரீலிபி, பாமினி என்று தட்டச்சு செய்யப்பட்ட மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் கிராம சபைத் தீர்மானங்களும் இன்றும் டிடிபி மேசைகளின் டிஸ்க்குகளில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் பாமினியில் எழுதப்பட்ட ஏராளமான கோப்புகளின் நிலையும் இதுதான்.

இத்தகைய கோப்பைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றினால் கோப்பு பழுதில்லாமல் வரும். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குழப்பமாகத் தெரியும். கோப்பினுள் இருக்கும் எழுத்துக் குறியெண்கள் மாறவில்லை; அவற்றைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு பழைய டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் தங்கிவிட்டது. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று இதை நம்பி அழித்துவிட்டால் இழப்பு நிரந்தரம். மாற்றுமுன் பழைய ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் எடுத்துவைத்தால் போதும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர், அழகி போன்ற இலவசக் கருவிகளால் உரையை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்று தெரிந்திருப்பது அவசியம். அதைத் தட்டச்சு செய்தவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவைப்பது நல்லது.

ஆகவே புதிதாகத் தொடங்குவோரின் வாதம் கணினியைப் பொறுத்தவரை சரி. தரவைப் பொறுத்தவரை பட்டியல் போடாமல் செய்தால் ஆபத்து. இரு தரப்பும் காலங்காலமாகப் பேசிவருவது கணினியின் வேகத்தையும் வேலை நேரத்தையும் பற்றி. அதில் இருப்பவற்றுள் எதற்கு வேறெங்கும் நகல் இல்லை என்ற கேள்வியை முதலில் கேட்டால், குளோனா புதிதா என்பது இரண்டாம் நிலைக்குப் போய்விடுகிறது. நகல் இல்லாதது எது என்று தெரியாத கணினியில், முதலில் முழு டிஸ்க்கையும் ஒரு வெளி டிஸ்க்கில் இமேஜாக எடுத்துவைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி.யில் புதிதாகத் தொடங்குவதே இரு வாதங்களின் பலத்தையும் எடுத்துக்கொள்ளும் வழியாகத் தெரிகிறது. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் போட முடிவு செய்தவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

இணையத்தில் ஏற்றிவிடலாமா?

டிஸ்க்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், எல்லாம் கிளவுடில் இருக்கட்டும் என்பது 2010களில் வலுப்பெற்ற நிலைப்பாடு. நகரத்துக்கு இது பெரும்பாலும் சரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 200 ஜிபி தரவை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் மேலேற்ற 89 மணி நேரம் ஆகும். ஏறக்குறைய நான்கு நாள், இடைவிடாமல். செல்போன் சிக்னலே ஊருக்கு ஊர் தேடிப் பிடிக்கவேண்டிய கல்வராயன் மலைப் பகுதிகளில் இதை ஒரு தீர்வாக முன்வைக்க முடியாது. அதே 200 ஜிபியை நல்ல யு.எஸ்.பி. 3 இணைப்பில், நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில், சுமார் 33 நிமிடத்தில் நகலெடுக்கலாம். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் ஒன்றேமுக்கால் மணி நேரம் வரை ஆகலாம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் நீளும்.

கிளவுடுக்கு இங்கு இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. சான்றிதழ்கள், மனுக்கள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சில நூறு எம்.பி.க்கு மேல் போகாது. கள்ளக்குறிச்சிக்கு வரும்போது செல்போனிலேயே ஏற்றிவிடலாம். திருமண வீடியோவுக்கு வெளி டிஸ்க், பட்டா நகலுக்குக் கிளவுட் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் 2005-ல் வெளியான தன் நூலில் முன்வைத்த 3-2-1 விதி இங்கேதான் பொருந்துகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். ஸ்டூடியோ வைத்திருப்போரின் அனுபவத்திலிருந்து பிறந்த விதி அது. அதன் குறை செலவு. ஒரு டிஸ்க் வாங்கவே யோசிக்கும் குடும்பத்திடம் மூன்று பிரதி கேட்பது எளிதல்ல. அதனால்தான் கழற்றிய பழைய டிஸ்க் முக்கியமாகிறது. அது இன்னும் வாசிக்க முடிகிற நிலையில் இருந்தால், காசில்லாமல் கிடைத்த இரண்டாம் பிரதி அதுவே. மாற்றிய அன்றே அதைக் கடையில் கொடுத்துவிட்டு நூறு இருநூறு கழித்துக்கொள்வது மோசமான பேரம்.

நகல் சரியாக வந்ததா என்று சரிபார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. ஆவணக் காப்பகங்கள் இதில் வெகுதூரம் முன்னே இருக்கின்றன. 2005-ல் தொடங்கிய ஈழத்து நூலகம் போன்ற எண்ணிம முயற்சிகளுக்கு, டிஸ்க் மாற்றுவது சில ஆண்டுக்கொருமுறை வந்துகொண்டே இருக்கும் வேலை. காப்பக உலகில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, மாற்றியபின் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒன்றா என்று பார்ப்பது, அங்கங்கே பத்துக் கோப்பைத் திறந்து பார்ப்பது, இவ்வளவே பெரும்பாலான இழப்பைப் பிடித்துவிடும். கட் செய்து ஒட்டாமல் காப்பி மட்டுமே செய்வதும் அவசியம். பாதியில் மின்சாரம் போனால், காப்பி என்றால் மறுபடி தொடங்கலாம். கட் என்றால் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

சாகக் கிடக்கும் டிஸ்க்

டிக் டிக் என்று சத்தம் வந்த பிறகே பலர் கடைக்குப் போகிறார்கள். அந்த நிலையில் மேலே சொன்ன எந்த வாதமும் செல்லாது. ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் ஓடும் என்ற பழைய கைவைத்தியம் இன்னும் உலவுகிறது. தட்டில் ஈரம் படிந்தால் வாசிப்பு முனை உரசி, மீட்கக்கூடியதையும் அழித்துவிடும்; இன்றைய நெருக்கமான டிஸ்க்குகளில் அதை முயலவே கூடாது. திரும்பத்திரும்ப ஆன் செய்து பார்ப்பதும், பிழைநீக்கும் சோதனையை ஓடவிடுவதும் இதே கேட்டைத்தான் மெதுவாகச் செய்கின்றன.

மெதுவாகக் கெட்டுவரும் டிஸ்க்குக்கு அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய ஜி.என்.யூ. டிடி-ரெஸ்க்யூ நல்ல கருவி. முதல் சுற்றில் எளிதாக வாசிக்க முடிவதை எல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் செக்டர்களைக் கடைசியில் தனியே முயலும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சத்தம் வரும் டிஸ்க்குக்கு இதுவும் உதவாது. தூசியில்லா அறை உள்ள மீட்பு மையங்கள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. அங்கு ஆகும் செலவு பல சமயம் கணினியின் விலையைத் தாண்டும்.

இங்கே எஸ்.எஸ்.டி. பற்றி ஓர் எச்சரிக்கை. சுழலும் டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கத்தக்க நிலையில் கிடக்கும். எஸ்.எஸ்.டி.யில் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சில நொடி அல்லது நிமிடத்துக்குள் காலி செய்துவிடக்கூடும். வேகம் பன்மடங்கு கூடியிருக்கிறது. தவறுக்கு இருந்த அவகாசம் குறைந்திருக்கிறது. எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர் பேக்கப்பை முன்பைவிடக் கவனமாக எடுக்கவேண்டியவர் ஆகிறார்.

கழற்றிய டிஸ்க்கில் இருப்பது யாருடையது?

2000 முதல் 2002 வரை அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய சந்தையில் 158 டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தனர். இயங்கிய 129-ல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் கடிதங்களும் கிடந்தன. இங்கும் ஒரு ஜெராக்ஸ் கடையின் டிஸ்க்கில் ஊர்ப்பாதியின் ஆதார் நகல் இருக்கும் என்று எண்ண இடமுண்டு.

துடைப்பது எப்படி என்பதிலும் பதில் மாறிவந்திருக்கிறது. 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து 35 முறை மேலெழுத வேண்டும் என்ற வழக்கம் பரவியது. அது அன்றைய பல வகை டிஸ்க்குகளையும் சேர்த்துச் சொன்ன எண். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. 2014-ல் திருத்திய வழிகாட்டுதல், சுழலும் டிஸ்க்குக்குப் பொதுவாக ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும் என்றது. எஸ்.எஸ்.டி.யில் மேலெழுதுவது எல்லா இடத்தையும் தொடாது; தயாரிப்பாளர் தரும் முழு அழிப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். குயிக் ஃபார்மட் இரண்டுக்குமே போதாது.

இரண்டாம் பிரதியாகப் பழைய டிஸ்க்கை வைத்திரு என்பதும், அதைத் துடைத்துவிடு என்பதும் முரண்படுகின்றன என்பது உண்மை. வீட்டுக் கணினியில் வைத்திருப்பதே சரி. ஊராரின் ஆவணம் நிறைந்த கடைக் கணினியில், நகலைச் சரிபார்த்ததும் துடைப்பதே சரி.

இன்னும் தீராதவை

ஆதாரம் போதாத இடங்கள் பல. மின்சாரமே கொடுக்காமல் பெட்டியில் வைத்த எஸ்.எஸ்.டி. எவ்வளவு காலம் தரவைத் தாங்கும் என்பது அவற்றுள் ஒன்று. சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரத்தின்படி, எழுதும் ஆயுளை முழுதும் கடந்த சாதாரண எஸ்.எஸ்.டி.கூட 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்க வேண்டும். புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட வெகுகாலம் தாங்கும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது. ஓட்டு வீட்டின் பரணில் ஏப்ரல், மே வெப்பத்தைத் தாங்கிக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. நீண்ட காலம் பெட்டியில் வைக்க, சுழலும் டிஸ்க்கையே இன்னும் பலர் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

பழைய தமிழ்க் குறியாக்கக் கோப்புகளை மொத்தமாக மாற்றுவது இன்னும் தனிமனித முயற்சியாகவே இருக்கிறது. வேர்டு கோப்பின் உரை மாறிவிடும். பேஜ்மேக்கர், கோரல்டிரா கோப்புகளுக்குள் சிக்கிய உரை அவ்வளவு எளிதில் வெளிவராது. அந்த மென்பொருள்களின் பழைய பதிப்பு ஓடும் கணினிகள் இருக்கும்வரை மட்டுமே இதற்கு அவகாசம்.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்குவதாக அறிவித்தது. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாட்ட முடிகிற மடிக்கணினியில் 2011-ன் கேள்வி இன்னும் சில ஆண்டில் திரும்ப வரும். சேமிப்புச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்ட கைக்கணினியில் டிஸ்க் மாற்றுவது என்ற வேலையே இல்லை. பலகை கெட்டால் தரவும் அதோடு போகும். பழுதுபார்க்கும் உரிமை பற்றிய விவாதத்தில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

சட்டத்தின் பக்கத்திலும் ஒரு கேள்வி நிற்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் உண்டு. ஊராரின் சான்றிதழ்களைத் தன் டிஸ்க்கில் வைத்திருக்கும் சின்னக் கடை அந்தச் சட்டத்தின் முன் என்ன பொறுப்பு ஏற்க வேண்டும், டிஸ்க் மாற்றித் தரும் சர்வீஸ் கடைக்கு அதில் எவ்வளவு பங்கு, கல்வராயன் மலை ஊரான வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து ஸ்கேன் எடுத்துச் சென்றவர் தன் நகலை அழிக்கச் சொல்லவோ திரும்பக் கேட்கவோ யாரை அணுகுவது என்பவை அந்த அவகாசத்துக்குள் தெளிவாக வேண்டியவை.